மலைமேல் கோட்டை, அடிவாரமெல்லாம் திராட்சை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் பிரான்ஸ் நாட்டு அல்சாஸ் பகுதியிலுள்ள ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையின் படத்தை வெளியிட்டிருந்தோம். செந்நிறக் கல் மதில், கீழே காடு, அதற்கும் கீழே திராட்சைத் தோட்டங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை என்று ஓரிடத்திலும் 1908இல் கட்டியது என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி? (மதுரை வாசகர்)

இரண்டும் சரி. நடுவில் விட்டுப்போன ஆண்டு 1479. அதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

774இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் இந்த மலையை லியெவ்ர் என்ற மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அது பாரிஸை ஒட்டிய சேன்-தெனி மடத்துக்குக் கட்டுப்பட்டது. பிற்பாடு சுவேபியா பிரபுக்களான ஹோஹென்ஸ்டாஃபன் குடும்பத்தார் மடத்து நிலத்தில் கோட்டை எழுப்பிவிட்டார்கள். 1147இல் சேன்-தெனி துறவிகள் பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியிடம் முறையிட்டார்கள். ஆக, இந்தக் கோட்டையைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்றே ஓர் ஆக்கிரமிப்புப் புகார்தான்.

13ஆம் நூற்றாண்டில் கோட்டை லொரேன் பிரபுக்களிடம் போனது. அவர்கள் சார்பில் ராட்சாம்ஹவுசன், ஹோஹென்ஸ்டைன் என்ற இரு குடும்பங்கள் அதை வைத்திருந்தன. 15ஆம் நூற்றாண்டில் வழிப்பறிக்காரப் பிரபுக்கள் இதைத் தங்கள் கூடாரமாக்கிக்கொண்டு, கீழே சாலையில் போன வணிகர்களைப் பிடித்துப் பறித்தார்கள். பொறுத்துப் பார்த்த ஸ்ட்ராஸ்பூர், கொல்மார், பாசல் நகரத்தார் கூட்டுச் சேர்ந்து 1462இல் கோட்டையைப் பிடித்துக் கொளுத்தினார்கள்.

எரிந்து கிடந்ததை 1479இல் புனித ரோமப் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக் தியர்ஸ்டைன் பிரபுக்களுக்கு மானியமாகத் தந்தார். இன்று நாம் பார்க்கும் கோட்டையின் உருவம் பெரும்பாலும் அவர்கள் கொடுத்தது. 1517இல் அந்த வம்சம் அற்றுப்போனது. 1633இல் முப்பதாண்டுப் போரின்போது சுவீடன் படை முற்றுகையிட்டுப் பிடித்துத் தீவைத்தது. பிறகு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாழ்.

1865இல் அடிவாரத்து நகரமான செலஸ்டா அந்தப் பாழை விலைக்கு வாங்கியது. 1871இல் அல்சாஸ் ஜெர்மனியிடம் போன பின், 1899இல் நகரம் அதைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தது. வாங்கத்தான் முடிந்தது, பழுதுபார்க்கும் செலவு ஒரு சிறு நகராட்சியால் ஆகிற காரியமில்லை. பேரரசர் போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞரை நியமித்தார். 1900இல் தொடங்கிய வேலை, இரண்டு மில்லியன் மார்க்குக்கு மேல் விழுங்கி, 1908 மே 13 அன்று திறப்பு விழா கண்டது. அன்று நல்ல மழை. இடைக்கால உடையில் வந்த ஊர்வலம் தெப்பமாக நனைந்ததைக் கொல்மாரின் கேலிச்சித்திரக்காரர் ஹான்சி வரைந்து தள்ளிவிட்டார்.

1919இல் வெர்சாய் உடன்படிக்கைப்படி பிரெஞ்சு அரசின் சொத்து. 2007 முதல் மாவட்ட நிர்வாகத்திடம், 2021 முதல் ‘அல்சாஸ் ஐரோப்பியக் கூட்டமைப்பு’ என்ற வட்டார நிர்வாகத்திடம்.

கீழே அவ்வளவு நல்ல சமவெளி இருக்க, 757 மீட்டர் உயரத்தில் போய் ஏன் கட்டினார்கள்? (சேலம் வாசகி)

சாலையைப் பார்க்கத்தான். அல்சாஸ் சமவெளி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்கே ரைன் ஆறு, மேற்கே வோஜ் மலைத்தொடர். கோதுமையும் ஒயினும் வடக்கு தெற்காகப் போகும். லொரேன் உப்பும், மலைக்குள் இருக்கும் சேந்த்-மரி-ஓ-மீன் சுரங்கங்களின் வெள்ளியும் மேற்கிலிருந்து கிழக்கே கணவாய் வழியாக இறங்கும். இரண்டு வழிகளும் செலஸ்டா அருகே சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக்கு நேர் மேலே நிற்கிறது இந்த மலை.

அன்றைக்கு அல்சாஸ் ஒயின் சில்லறைச் சரக்கில்லை. பீப்பாய் பீப்பாயாக ‘இல்’ என்ற ஆற்றின் வழியே ரைனில் சேர்ந்து, கொலோன் வரையிலும் அதற்கு அப்பால் நெதர்லாந்து வரையிலும் போயிற்று. மேலே உட்கார்ந்திருப்பவர் நல்லவராயிருந்தால் வழிக்காவல், சுங்கம். கெட்டவராயிருந்தால் 1462க்கு முன் நடந்தது.

ஆக, திராட்சைக்கும் கோட்டைக்கும் உள்ள உறவு அழகு சார்ந்ததல்ல, வரவு செலவு சார்ந்தது. சரிவில் விளைந்ததில் ஒரு பங்கு வரியாகவும் தசமபாகமாகவும் பிரபு வீட்டு நிலவறைக்கோ மடத்து நிலவறைக்கோ போனது.

1479இல் அப்படி என்ன புதிதாகச் செய்தார்கள்? பிறகும் 1633இல் எப்படி விழுந்தது? (திருச்சி, வரலாற்று ஆசிரியர்)

பீரங்கிக்காகச் செய்தார்கள். பழைய கோட்டையின் பலம் உயரம்: ஏணி எட்டாது, அம்பு மேலிருந்து கீழே பாயும். உயரமான மெல்லிய சுவர் பீரங்கிக் குண்டுக்கு வசதியான இலக்கு. எனவே தியர்ஸ்டைன் குடும்பத்தார் சுவரைத் தடிப்பாக்கினார்கள். மலைமுகடு மேற்கே நீண்டு போகிறது. எதிரி பீரங்கியை இழுத்து வந்து நிறுத்த ஏற்ற சமதளம் அந்தப் பக்கம்தான். எனவே பெரிய கொத்தளத்தை மேற்கு முனையில் வைத்தார்கள். வட்டக் கோபுரங்கள், இடையில் பருத்த சுவர், உள்ளிருந்து சுடுவதற்குத் துளைகள். இந்தச் சுடுதுளைகளை நின்று கவனியுங்கள். அம்பு எய்யும் துளை ஒடுங்கி நெட்டுக்குத்தாக இருக்கும். பீரங்கித் துளை குறுக்குவாட்டில் அகன்று, வாய் விரிந்திருக்கும். குழாயை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், புகையும் வெளியேற வேண்டும்.

சுற்றிலும் வெளிமதில் போட்டு, வாயிலுக்கு மேல் வாயில் வைத்தார்கள். உள்ளே நுழைகிறவர் வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஏறும் வழி முழுவதும் அவருடைய தலை மேலே நிற்பவரின் குறியில் இருக்கும்.

1633இல் இந்தக் கட்டுமானம் 52 நாள் தாங்கியது. விழுந்ததற்கு வடிவமைப்பைக் குறை சொல்ல முடியாது. 1517க்குப் பிறகு கோட்டை பேரரசரிடம் திரும்பி, கைமாறிக் கைமாறிப் போனது. பழுதுபார்க்கும் செலவைப் பேரரசரும் ஏற்கவில்லை, அனுபவிக்க வந்தவர்களும் ஏற்கவில்லை. நூறாண்டு பராமரிப்பில்லாத மதிலுக்குப் பின்னால் ஒரு காவற்படையை உட்காரவைத்து, வெளியிலிருந்து உதவியும் வராவிட்டால் 52 நாள் என்பதே பெரிது என்போம்.

மலை உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

கிணறு, மழைநீர்த் தொட்டி, இரண்டும். கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 62 மீட்டர், அதாவது 200 அடிக்கு மேல். பாறையை உளியாலும் சம்மட்டியாலும் உடைத்து இறக்கியது. பல மலைக்கோட்டைகளில் தனியொரு வேலையாகப் பார்த்தால் கிணறுதான் மிகுந்த செலவு பிடித்தது.

ஆழத்தோடு பிரச்சினை முடிவதில்லை. 62 மீட்டர் சணல் கயிறு நனைந்தால் தானே ஒரு சுமை. கையால் சேந்துகிற கதையில்லை, உருளையில் சுற்றி ஏற்ற வேண்டும். ஒரு வாளி மேலே வரவே நேரம் பிடிக்கும் என்பதால் அன்றாடப் புழக்கத்துக்குக் கூரை நீரைத் தொட்டியில் தேக்கினார்கள். தொட்டி நீர் கோடையில் கெடும், முற்றுகைக் காலத்தில் தீரும். அப்போதுதான் கிணறு உயிர்நாடி.

அதனால்தான் இங்கே கிணற்றையே ஒரு தடித்த கோபுரத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். திறந்த கிணற்றில் ஒரு குண்டு விழுந்து இடிபாடு அடைத்தாலோ, எதிரி அழுகிய பிணத்தை வீசினாலோ கோட்டை அன்றே கைவிட்டுப் போகும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சமையலறைக்கும் ஆயுத அறைக்கும் கொடுக்கிற நேரத்தில் பாதியைக் கிணற்றுக் கோபுரத்துக்குக் கொடுக்கலாம்.

நான் கட்டடத் தொழிலில் இருப்பவன். பழைய சுவர் எது, 1908 சுவர் எது என்று நேரில் கண்டுபிடிக்க வழி உண்டா? பாழடைந்த சுவர் எப்படிச் சிதைகிறது என்பதையும் சொல்லுங்கள். (திருநெல்வேலி வாசகர்)

முதலில் சிதைவு. கோட்டை எரிந்தால் கல் சுவர் உடனே விழாது. எரிவது மரம்: கூரை, தளம், உத்திரம். கூரை போனதும் சுவரின் தலை திறந்துகொள்கிறது. அங்கிருந்துதான் நாசம் தொடங்கும். இக்காலத்துச் சுவர் முழுக் கல்லால் ஆனதில்லை. வெளியே ஒரு வரிசை செதுக்கிய கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்டு நிரப்பியது. மேலிருந்து மழை இறங்கி நடுவிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறையும். உறையும் நீர் கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுவதால், முகப்புக் கல் ஒவ்வோர் ஆண்டும் சிறிது வெளியே தள்ளப்படும். சுவர் நடுவில் உப்பியது போல் தெரிந்தால் உள்நிரப்பு போய்விட்டது, முகப்பு தனியாக நிற்கிறது என்று பொருள். அதற்கு மேல் செடி வேர்விட்டால் ஒரு நாள் முகப்பு மட்டும் பாளமாகச் சரியும்.

பழுதுபார்க்கையில் செய்யும் பெரிய தவறு சிமென்ட். இந்தக் கல் வோஜ் மலையின் செந்நிற மணற்கல், நீரை உறிஞ்சி வெளிவிடும் இனம். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், தேய்வதும் சாந்தாகவே இருக்கும், பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மூட்டைப் புதுப்பித்தால் போதும். சிமென்டால் மூட்டை அடைத்தால் ஈரத்துக்கு வேறு வழியில்லாமல் கல்லின் வழியே வெளிவரும். கூடவே கரைந்த உப்பும் வந்து கல்லின் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாகும். கல் தகடு தகடாக உரியும். மூட்டு மட்டும் துருத்திக்கொண்டு, கல் உள்ளே குழிந்து போயிருக்கும் சுவரை எங்கே பார்த்தாலும் அங்கே சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

இனி அடையாளம். ஹோஹென்ஸ்டாஃபன் காலத்து வேலைக்குப் புடைப்புக் கல்லே முத்திரை. ஒவ்வொரு கல்லுக்கும் நான்கு விளிம்பிலும் விரலளவு அகலத்துக்கு மழமழவென்று பட்டை எடுத்திருப்பார்கள். நடுப்பகுதியைச் செதுக்காமல் முண்டாக விட்டிருப்பார்கள். கல்லை நேர்க்கோட்டில் அடுக்க விளிம்பு நேராயிருந்தால் போதும், நடுவைச் செதுக்குவது வீண் கூலி. முரட்டுத் தோற்றம் மிரட்டவும் உதவியது. அல்சாஸ் கோட்டைகளில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து கல்லின் முகத்திலேயே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி தெரியும். பாரந்தூக்கும் இடுக்கியின் கொக்கி பிடிப்பதற்காகக் குடைந்தது. எதிர்முகத்தில், சுவருக்குள் மறைந்து, இதற்கு இணையான இன்னொரு குழி இருக்கும். காலத்தைக் கணிக்க நல்ல தடயம்.

தியர்ஸ்டைன் காலத்து வேலை: பருத்த வட்டக் கோபுரங்கள், பீரங்கித் துளைகள். 1900க்குப் பிந்தையது: எல்லாக் கூரையும், பெருங்கோபுரத்தின் மேற்பகுதி, உள்ளே தளங்கள், ஓவியங்கள். எப்ஹார்ட் குழு பாரந்தூக்கியும், கல்லை ஏற்றிவரச் சிறு ரயிலும் வைத்து வேலை செய்தது. எனவே மேற்பகுதிக் கற்கள் ஒரே அளவாக, மூலை மழுங்காமல் இருக்கும். சுவரில் கீழிருந்து மேலாகக் கண்ணை ஓட்டினால் நிறமும் கூர்மையும் மாறும் கோடு பல இடங்களில் தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வசதி உண்டு. அதே முகட்டில் மேற்கே சுமார் 200 மீட்டர் நடந்தால் ஓடன்பூர்க் என்ற சிறு கோட்டையின் இடிபாடு. யாரும் திருப்பிக் கட்டாதது. 1899இல் பெரிய கோட்டை எந்த மாதிரி நிலையில் பரிசாகப் போயிருக்கும் என்பதை அங்கே ஊகிக்கலாம்.

அப்படியானால் உள்ளே இருப்பதெல்லாம் கற்பனையா? கோபுரத்தில் காற்றாலை இருக்கிறதே! (சென்னை வாசகி)

முழுக் கற்பனையென்று தள்ளுவது எப்ஹார்டுக்குச் செய்யும் அநியாயம். அவர் முதலில் இடிபாட்டை அகழ்ந்து, அளந்து, புகைப்படம் எடுத்தார். கிடைத்த அடுப்பு ஓட்டுத் துண்டுகளை வைத்து, அறைகளைச் சூடாக்கும் ஓட்டு அடுப்புகளைத் திரும்பச் செய்ய வைத்தார். அறைகலன்களையும் ஆயுதங்களையும் சேகரிக்க 1904இல் ஒரு சங்கமே ஏற்பட்டது. அது சந்தையில் வாங்கிய 15 முதல் 17ஆம் நூற்றாண்டுப் பொருள்கள்தாம் இன்று அறைகளில் இருக்கின்றன. அவை பழையவை, ஆனால் இந்தக் கோட்டையில் புழங்கியவை அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமில்லை.

அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு பலமாக இருந்தது. கோட்டை ஆய்வாளர் ஓட்டோ பைப்பர் கடுமையாக எழுதினார். பெருங்கோபுரம் வட்டமாக இருந்தது, இவர் சதுரமாகக் கட்டிவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதில் எப்ஹார்ட் பக்கமே நியாயம் நின்றது: அடித்தளம் சதுரம்தான். காற்றாலை இன்றும் விவாதத்துக்குரியது.

தயங்காமல் புதியது என்று சொல்லக்கூடியது பேரரசர் கூடம். இரண்டு மாடியாக இருந்ததன் இடைத்தளத்தை எடுத்துவிட்டு ஒரே உயர்ந்த கூடமாக்கினார்கள். விருந்துக்குப் பழைய அறைகளின் உயரம் போதவில்லை. சுவரோவியம் ஸ்ட்ராஸ்பூரைச் சேர்ந்த லியோ ஷ்னூக் வரைந்தது, கூரையில் பெரிய கழுகு. வில்ஹெல்ம் இதை ஒரு வீடாக நினைத்துக் கட்டவில்லை. கிழக்கெல்லையில் பிரஷ்யாவின் மரியன்பூர்க் கோட்டை போல, தன் பேரரசின் மேற்கெல்லைக்கு ஓர் அடையாளக்கல் நட்டார். 1918 ஏப்ரலில் கடைசியாக வந்தார். அதே கூடத்தின் கணப்படுப்புத் தடுப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி இருக்கிறது: ‘நான் இதை விரும்பவில்லை’. போரைக் குறித்தது. சில மாதங்களில் பேரரசே போயிற்று.

மலேசியாவில் புக்கிட் திங்கியில் இதே கோட்டையைப் பார்த்ததாக நினைவு. (கோலாலம்பூர் வாசகர்)

நினைவு சரிதான். பகாங் மாநிலத்துப் பெர்ஜாயா ஹில்ஸில் கொல்மார் நகரத்தைப் பார்த்துக் கட்டிய சுற்றுலாக் கிராமமும், ஓ-கோனிக்ஸ்பூரைப் பார்த்துக் கட்டிய விடுதியும் உள்ளன. வெளித்தோற்றம் மட்டுமே அந்தச் சாயல். அது பார்த்துச் செய்தது 1479ஐ அல்ல, 1908ஐ என்பதைக் கூரையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கம் திராட்சைக்குப் பந்தல் போடுவோம். படத்தில் சரிவு நெடுகக் கம்பி வரிசையாகத் தெரிகிறது. கோட்டை வரைக்கும் ஏன் நடவில்லை? (கம்பம் வாசகர்)

வெயில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த இடம் 48 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போகும். பந்தல் போட்டால் மேலிலைக்கு மட்டும் வெயில், குலை நிழலில் கிடந்து பழுக்காது. ஆகவே கொடியைச் செங்குத்தாகக் கம்பியில் ஏற்றி, தெற்கு, தென்கிழக்கு நோக்கிய சரிவில் வைக்கிறார்கள். சாய்நிலம் சாய்வெயிலை நேராக வாங்கும்.

அல்சாஸ் கொடிகள் பிரான்ஸின் மற்றப் பகுதிகளைவிட உயரம், இரண்டு மீட்டர் வரை ஏறும். வசந்தத்தில் உறைபனி தரையை ஒட்டிப் படியும். துளிர் சற்று உயரத்தில் இருந்தால் தப்பும். குளிர்காலக் கவாத்தில் பெரும்பாலும் ஒரு கொடிக்கு இரண்டு நீள் கிளைகளை மட்டும் விட்டு, வில்லாக வளைத்துக் கீழ்க்கம்பியில் கட்டுவார்கள். வளைத்துக் கட்டாவிட்டால் நுனி மொட்டுகள் மட்டும் சத்தை இழுத்துக்கொண்டு ஓடும், நடுமொட்டுகள் துளிர்க்காது. மொட்டை அதிகம் விட்டால் குலை எண்ணிக்கை கூடும், சர்க்கரை குறையும்.

தோட்டங்கள் சுமாராக 200 முதல் 400 மீட்டர் உயரம் வரை. அதற்கு மேல் குளிரில் பழுக்காது. கீழே சமதளத்தில் குளிர்காற்று தேங்கும், நீரும் வடியாது. எனவே இடைப்பட்ட பட்டையில் மட்டும் திராட்சை. அதற்கு மேலே செஸ்ட்நட் மரக்காடு. கொடிக்கு ஊன்ற முளைக்கம்பு அந்தக் காட்டிலிருந்துதான் வந்தது, எளிதில் உளுக்காத மரம். அதற்கும் மேலே கோட்டை.

மழையும் ஒத்துழைக்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகம் வோஜ் மலையின் மறுபக்கம் கொட்டிவிடுகிறது. மலைமறைவில் உள்ள கொல்மார் பிரான்ஸின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. இலையுதிர்காலம் வறண்டு நீள்வதால் பழத்தைக் கொடியிலேயே அக்டோபர் வரை விட முடிகிறது.

கோட்டைக்கு நேர் கீழே, கின்ட்ஸ்ஹைம், ஓர்ஷ்வில்லேர் ஊர்களில் உள்ள சரிவின் பெயர் பிரேலாட்டன்பெர்க். அல்சாஸில் ‘கிரான் க்ரூ’ என்ற உயர்தகுதி பெற்ற 51 தோட்டங்களில் ஒன்று, 18 எக்டேருக்குச் சற்று மேல். அடியில் நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை. பக்கத்து ஊரான சேந்த்-இப்போலீத் பினோ நுவார் சிவப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது. மற்றபடி அல்சாஸ் பெரும்பாலும் வெள்ளை ஒயின் நாடு.

பாரிஸ், லா ஷப்பேலில் இருக்கிறோம். ஒரே நாளில் போய்வர முடியுமா? ஆறு வயதுக் குழந்தையும் வயதான மாமியாரும் உடன் வருகிறார்கள். (பாரிஸ் வாசகி)

முடியும், ஆனால் காலை முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே கார் த லெஸ்ட் நிலையம். அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வட்டார ரயில் மாறி செலஸ்டாவுக்குச் சுமார் அரை மணி. செலஸ்டா நிலையத்திலிருந்து கோட்டைக்குச் சிற்றுந்து உண்டு. பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும்; குளிர்காலத்தில் எல்லா நாளும் ஓடாது. பயணச்சீட்டு எடுக்கும் முன் இந்த ஒன்றை உறுதிசெய்யுங்கள், நாள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சிற்றுந்து இல்லாத நாளில் நிலையத்தில் வாடகைக் கார் தயாராக நிற்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 விடுமுறை. உள்ளே சுற்றிவர ஒன்றரை மணி நேரம் வேண்டும். படிகள் ஏராளம், தேய்ந்த கல், சில சுழற்படிகள் ஒடுக்கமானவை. தள்ளுவண்டி உதவாது. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் மேல்மாடிகளைத் தவிர்த்து வெளிமுற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இறங்குவதே ஏறுவதைவிடக் கடினம். ஆகஸ்டிலும் உள்ளே குளிரும், ஆளுக்கொரு சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் சமவெளி பனிமூட்டத்தில் மூழ்கியிருக்கும். செலஸ்டாவில் எதுவும் தெரியவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். பல நாள் மூட்டம் கீழேயே நின்றுவிடும், மேலே வெயிலடிக்கும். தெளிவான நாளில் ரைனுக்கு அப்பால் கருங்காட்டு மலையும், சில நாள் ஆல்ப்ஸும் தெரியும்.

குழந்தைக்குக் கோட்டை சலித்தால் வழியிலேயே குரங்கு மலை என்ற திறந்தவெளிப் பூங்கா, கின்ட்ஸ்ஹைம் இடிகோட்டையில் கழுகு பறக்கவிடும் காட்சி. இரண்டும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். நடக்க விரும்புவோர் சேந்த்-இப்போலீத்திலிருந்து ஏறலாம். ஏறக்குறைய 500 மீட்டர் ஏற்றம், இரண்டு மணி நேரம். மரங்களில் சிவப்புச் செவ்வகம் தெரிந்தால் அது ஜி.ஆர். 5 நெடும்பாதை, கோட்டையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அறுவடைக் காலத்தில் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளைச் சில ஊர்களில் மூடுவார்கள், பலகையை மதியுங்கள். ஒயின் சுவைத்துவிட்டுக் கார் ஓட்டுவதாக இருந்தால், பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2.

அங்கே வேலை செய்யும் நண்பருக்கு ஒரு புட்டி பரிசளிக்க வேண்டும். சீட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? எனக்கு ஒயின் பழக்கமில்லை. (பெங்களூரு வாசகர்)

பழக்கமில்லாதவருக்கு அல்சாஸ் வசதியான இடம். பிரான்ஸின் பல பகுதிகளில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும், இங்கே திராட்சை ரகத்தின் பெயரையே எழுதுகிறார்கள். ரகத்தின் பெயர் இருந்தால் உள்ளே முழுக்க அந்த ரகமே. ரீஸ்லிங் புளிப்பும் துடிப்பும். கெவுர்ட்ஸ்திரமினர் ரோஜா, லிச்சி வாசனை. பினோ கிரி கனமானது. ‘எடல்ஸ்விக்கர்’ என்றிருந்தால் கலப்பு.

அடுத்து இனிப்பு. 2021 விளைச்சலிலிருந்து வெள்ளை ஒயினுக்கு இதைக் குறிப்பிடுவது கட்டாயம்: ‘செக்’ என்றால் லிட்டருக்குச் சர்க்கரை 4 கிராம் வரை, ‘தெமி-செக்’ 12 வரை, ‘முவல்லோ’ 45 வரை, ‘தூ’ அதற்கு மேல். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, சாப்பாட்டோடு குடிக்க நினைத்தது சர்பத்தாக இருக்கிறதே என்று நொந்தவர்கள் உண்டு. ‘வாந்தாஞ் தார்திவ்’ என்றிருந்தால் தாமத அறுவடை, நிச்சயமாகச் செறிவு அதிகம், விலையும்.

நீண்ட ஒல்லிக் கழுத்துப் புட்டி அல்சாஸின் அடையாளம். 1972 முதல் இந்தப் பகுதிக்குள்ளேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்பது சட்டம். நண்பரின் சுவை தெரியாவிட்டால் ‘செக்’ ரீஸ்லிங் எடுங்கள். கோட்டை நினைவாக வேண்டுமென்றால் பிரேலாட்டன்பெர்க் என்ற பெயர் உள்ளதைத் தேடுங்கள். 8 முதல் 10 பாகைக்குக் குளிர வைத்தால் போதும், அதற்குக் கீழே போனால் வாசனை அடங்கிவிடும். நண்பர் குடிப்பவரா என்பதே சந்தேகமென்றால், சில தோட்டக்காரர்கள் அதே பழத்தின் சாற்றையும் புட்டியில் விற்கிறார்கள்.